யார் வீட்டில் பால் காய்ச்சினோம்?

ஒரு வீடு நமக்கு எப்போது சொந்தமாகிறது? கையெழுத்திட்ட அன்றா, முன்பணம் கட்டிய அன்றா, சாவி கைக்கு வந்த அன்றா? வழக்கறிஞரிடம் கேட்டால் ஒரு விடை கிடைக்கும். அம்மாக்களிடம் கேட்டால், பால் பொங்கிய அன்று என்பார்கள். நான் வழக்கறிஞரிடம் கேட்கவில்லை. புத்தகங்களுக்கு நடுவே வேலை பார்ப்பவள் பிறரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது என்பது அந்நாளில் என் கொள்கை.

அப்போது அலோர் ஸ்டாரில் ஒரு நூலகத்தில் பணியாற்றினேன். அம்மா செர்டாங் பக்கத்துத் தோட்டமொன்றில் வேலை செய்து ஓய்வு பெற்றிருந்தார். ஓய்வு பெற்றவர் தோட்ட நிர்வாகம் தந்த வீட்டைக் காலி செய்தாக வேண்டும்; மாதக் கடைசி வரைதான் தவணை என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள். அதனால் கரங்கானில் ஒரு தாமான் குடியிருப்பில், மாடியில்லாத வரிசை வீடொன்றைப் பேசி முடித்தேன். விற்பவர் மாணிக்கம் அண்ணன். மளிகைக் கடையை மூடிவிட்டு மகள் வீட்டோடு போய்விட்டவர். ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று, முன்பணமும் போயிற்று. மீதியை வங்கி செலுத்தச் சில மாதங்கள் ஆகும்.

சன்னல்களுக்குத் திரைச்சீலை அளவெடுக்க வேண்டும் என்றேன். அண்ணன் பெருந்தன்மையோடு மாற்றுச் சாவியைத் தந்தார்.

"வர்றதுக்கு முன்னாடி ஒரு மெசேஜ் போட்டுருமா. பின்னால ஒரு ரூமு பூட்டிக் கிடக்கும். சும்மா ஸ்டோருதான், அதத் தொடாத."

அந்தச் சாவியை அம்மா கண்களில் ஒற்றிக்கொண்டார். பிறகு நாட்காட்டியைப் பார்த்து முகம் வாடினார்.

"ஆடி பொறக்கப் போகுதே."

(ஆடியில் பால் காய்ச்சக் கூடாது. ஆவணிவரை பொறுக்கலாம் என்றால், தோட்டத்து ஆபீசுக்கு ஆவணி தெரியாது.)

"வர்ற வெள்ளி நல்ல நாளு. சாவிதான் கையில இருக்குல்ல?" என்றார் அம்மா.

"லாயர்கிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கலாமாக்கா?" என்று தம்பி இழுத்தான்.

"ஒப்பந்தத்த முழுசா படிச்சவ நான்," என்றேன்.

படித்தது உண்மை. ஆனால் அந்த ஆங்கில வாக்கியங்களின் கம்பீரத்தை வியந்துகொண்டே படித்தேனே தவிர, அவை என்னைப் பற்றியவை என்று தோன்றவில்லை. முறைப்படி அண்ணனுக்கும் ஒரு செய்தி அனுப்பினேன்: வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வருகிறோம். அவர் கட்டைவிரலை உயர்த்திய படமொன்றைப் பதிலாக அனுப்பினார். திரைச்சீலை அளவெடுக்க ஒரு குருக்களும், உறவினர் கூட்டமும், ஒரு பசுவும் வரும் என்று அவர் எப்படி எதிர்பார்த்திருக்க முடியும்?

வெள்ளிக்கிழமை காலை பசு வலது காலை எடுத்துவைத்து உள்ளே போனது. (உண்மையில் எந்தக் காலென்று எவரும் பார்க்கவில்லை. அத்தை அப்படித்தான் சொல்கிறார்.) சமையலறையில் ஓர் எரிவாயு அடுப்பு இருந்தது. அண்ணன் அடுப்பைக்கூட விட்டுச் செல்கிறாரே என்று நெகிழ்ந்தேன். கொடியில் ஈரத் துண்டொன்று தொங்கியது. பக்கத்து வீட்டுத் துண்டு காற்றில் வந்திருக்கும் என்று முடிவு செய்தேன். வாசலில் பெண்கள் செருப்பு ஒரு சோடி கிடந்தது. அதற்கு என்ன காரணம் கற்பித்தேன் என்பது இப்போது நினைவில்லை. ஏதோ ஒன்றைக் கற்பித்திருப்பேன்.

கூடத்தில் ஓமம் வளர்ந்தது. பால் பொங்கியது. பெண்கள் குலவையிட்டார்கள். அப்போது பின்னறைக் கதவு திறந்தது.

நைட்டி அணிந்த ஒரு பெண் நின்றிருந்தார். கதவைத் திறந்ததும் அவர் கண்டது பசுவின் முகத்தை. பசுவும் அவரைக் கண்டது. இரண்டு பேரில் யார் அதிகம் திகைத்தார் என்பதில் எங்கள் குடும்பத்தில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. அடுத்து அவர் புகையைக் கண்டார். புகைக்குப் பின்னால் நெருப்பைக் கண்டார். கத்தவில்லை. திரும்பிக் குளியலறைக்குள் போனார், நிறைந்த வாளியோடு வந்தார், ஓமகுண்டத்தில் கவிழ்த்தார். குருக்களின் மந்திரம் பாதியில் நின்றது. அவர் நனைந்த வேட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரு நீங்கெல்லாம்? என் வீட்டுல மாடு என்னா பண்ணுது?"

அம்மாதான் கேட்டார்: "உன் வீடாம்மா?"

"வாடக கட்டுறேன்ல. நைட் ஷிப்ட் முடிச்சு இப்பதான் படுத்தேன். நீங்க வந்து எரிக்கிறீங்க."

அவர் பெயர் சரளா. கூலிமில் ஒரு தொழிற்சாலையில் வேலை. முழு வீட்டையும் வாடகைக்கு எடுத்து, தூங்குவதற்கு மட்டும் அந்த ஓர் அறையைப் பயன்படுத்தி வந்தவர். வீடு விலைபோன செய்தி அவருக்கு எட்டவே இல்லை. அதாவது, ஒருவர் தூங்கிக்கொண்டிருந்த வீட்டின் சாவியைத்தான் அண்ணன் அத்தனை பெருந்தன்மையோடு எனக்குக் கொடுத்திருந்தார். ஸ்டோர் என்றது சரளாவை.

அண்ணனைத் தொலைபேசியில் அழைத்தேன்.

"பால் காய்ச்சினியா? எந்த வீட்டுல?" பசு வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். "மாடா? டைல்ஸ் மேலயா? நீ வீடே வாங்க வேணாம்மா. கேன்சல். போலீஸ் ரிப்போர்ட் போடுறேன்."

திரும்பிப் பார்த்தேன். அம்மா தரையில் அமர்ந்து, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, சாம்பல் தண்ணீரைத் துணியால் ஒற்றிப் பிழிந்துகொண்டிருந்தார். தோட்டத்து வீட்டில் அவருடைய சாமான்கள் ஏற்கெனவே பெட்டிகளில் ஏறியிருந்தன. இந்த வீடு கைநழுவினால் அந்தப் பெட்டிகளை எங்கே இறக்குவது என்று எனக்குத் தெரியவில்லை. நான் படித்த எந்தப் புத்தகத்திலும் அதற்கு விடை இருக்கவில்லை.

திங்கட்கிழமை வழக்கறிஞர் அறையில் நால்வரும் உட்கார்ந்தோம்: அண்ணன், நான், அம்மா, மீண்டும் தூக்கம் கெட்ட சரளா. வழக்கறிஞர் அம்மையார் முதலில் என்னைப் பார்த்தார்.

"கையெழுத்துப் போட்டா வாங்குற உரிமதான் வரும். உள்ள போற உரிம, மீதிப் பணம் கட்டி முடிச்ச அப்புறந்தான். நீங்க செஞ்சது அத்துமீறல்."

அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். அது நெடுநேரம் நீடிக்கவில்லை.

"நீங்க காலி வீடு தர்றதா எழுதிக் கொடுத்திருக்கீங்க. இவங்க வாடகை ஒப்பந்தம் வருசக் கடைசிவரைக்கும் இருக்கு. அதையும் மறைச்சீங்க, சாவியையும் வெளியாளுக்குக் கொடுத்தீங்க. ரிப்போர்ட் போடுறதுன்னா இவங்கதான் போடணும், உங்க ரெண்டு பேரு மேலயும்."

அண்ணன் மீண்டும் நாற்காலிக்குள் சரிந்தார். நானும் சரிந்தேன்.

"இன்னிக்கு அந்த வீட்டுக்குள்ள இஷ்டப்படி போய் வர்ற உரிம யாருக்கு இருக்கு?" என்று கேட்டேன்.

"சரளாவுக்கு மட்டும்."

எல்லாரும் சரளாவைப் பார்த்தோம். அவர் கொட்டாவியை அடக்கிக்கொண்டு, "நான் போகமாட்டேன் லா. அக்ரிமெண்ட் இருக்கு," என்றார்.

அப்போது அம்மா மெல்லக் கேட்டார். "நீ ஏம்மா போகணும், இரு. நைட்டெல்லாம் நின்னு வேல செஞ்சுட்டு வந்து யாரு உனக்குச் சமைக்கிறா?"

"யாரும் இல்ல. ரொட்டிதான்."

"முன் ரூமு சும்மாதான கெடக்கு? விருந்தாளின்னு என்னக் கூப்பிட மாட்டியா?"

சரளா அம்மாவை உற்றுப் பார்த்தார். "நீங்கதானே அன்னிக்குத் தரையத் தொடச்சது? மத்தவங்கெல்லாம் மாட்ட லாரியில ஏத்துறதுல இருந்தாங்க." பிறகு வழக்கறிஞரிடம் திரும்பினார். "விருந்தாளி வரலாமா மேடம்?"

வழக்கறிஞர் ஒப்பந்தத்தைப் புரட்டினார். "விருந்தாளி வரலாம். மாடு வரக் கூடாது."

அவ்வாறாக என் அம்மா, நான் வாங்கிக்கொண்டிருந்த வீட்டுக்கு, அதன் வாடகைக்காரரின் விருந்தாளியாக ஆடி மாதத்தில் குடிபோனார். (விருந்தாளிக்கு ஆடி தோஷம் கிடையாதாம், குருக்கள் சொன்னார்.) வாடகைக்காரரோடு சேர்த்தே வீட்டை வாங்கிக்கொள்ளச் சம்மதம் என்று நான் எழுதிக் கொடுத்தேன். அண்ணன் முணுமுணுத்தபடியே கையெழுத்திட்டார். வங்கி மீதியைச் செலுத்திய அன்று மறுபடி பால் காய்ச்சலாமா என்று கேட்டதற்கு, "ஒரு வீட்டுக்கு ஒரு பொங்கல் போதும்," என்றுவிட்டார் அம்மா.

வருடக் கடைசியில் சரளாவின் வாடகை ஒப்பந்தம் முடிந்தது. அதை எவரும் அவருக்கு நினைவூட்டவில்லை. ஆண்டுகள் பல ஆகின்றன. பின்னறை இன்னும் அவருடையதுதான். எங்கள் உறவில் யார் புது வீடு புகுந்தாலும் அவருக்குத் தனி அழைப்பு உண்டு. ஓமம் வளர்க்கும் முன் குருக்கள் தாமே ஒரு வாளியைத் தேடிப் பார்த்து, அதைச் சரளாவின் கைக்கு எட்டாத இடத்தில் வைக்கிறார்.

சென்ற மாதம் தம்பி வந்து, சுங்கை பட்டாணியில் வீடு பார்த்திருப்பதாகச் சொன்னான். அம்மா விலையைக் கேட்கவில்லை, திசையையும் கேட்கவில்லை.

"ரூமெல்லாம் தொறந்து பாத்தியா? யாராச்சும் தூங்குறாங்களா?"

பின்னறையிலிருந்து சரளாவின் குரல் வந்தது. "இங்க ஒரு ஆளு தூங்குது. மெதுவாப் பேசுங்க லா."