ஐந்தாவது லேன் அத்தை

ஐந்தாவது லேன்காரியை வியாழக்கிழமைக்குள் கண்டுபிடித்தாக வேண்டும் என்று சயாமா சொல்லிவிட்டார். அன்று செவ்வாய். அந்தப் பெண் கடைசியாகக் காணப்பட்டது 1959 அக்டோபரில்.

நாகநாதன் புகைப்படத்தைத் தலைகீழாகக்கூடப் பிடித்துப் பார்த்தான். ஆறு பெண்கள் நீச்சல் குளத்தின் விளிம்பில் வரிசையாக நின்று, குதிக்கத் தயாராகக் குனிந்திருந்தார்கள். ஆறு ரப்பர் தொப்பிகள் பளிச்சென்று தெரிந்தன. முகம் ஒன்றுகூடத் தெரியவில்லை. படம் எடுத்த புண்ணியவான் இரண்டு நொடி முன்னால் எடுத்திருக்கக் கூடாதா என்று அவன் மனதுக்குள் திட்டினான்.

ரங்கூன் என்கிற யாங்கூனில், மிங்கலா தாங்ஞுன்டில், ரயில் பாதையை ஒட்டி இருக்கும் அந்த நீச்சல் குளத்தில் நாகநாதன் பதினோரு வருடமாகத் தற்காலிக குமாஸ்தா. மேனேஜர் டோ ஸான் ஸானை எல்லோரும் சயாமா, அதாவது டீச்சரம்மா, என்றுதான் கூப்பிடுவார்கள். குளத்துக்கு ஒரு பழம்பெருமை உண்டு. அறுபத்தாறு வருடங்களுக்கு முன்னால் அங்கே ஒரு சர்வதேச நீச்சல் போட்டி நடந்தது. அதில் பெண்களுக்கான தவளை நீச்சலில் நின்றவர்கள்தான் படத்தில் இருக்கும் ஆறு பேர். அவர்களில் உயிரோடு இருப்பவர்களை மேடையேற்றிப் பாராட்டுவதென்று சயாமா முடிவு செய்திருந்தார்.

மூன்று பேர் வெளிநாட்டுக்காரிகள். போட்ட கடிதங்களுக்குப் பதில் இல்லை. உள்ளூர்க்காரிகள் மூவரில் இருவரைத் தேடவே வேண்டியிருக்கவில்லை. ஒருவர் சயாமாவைப் பெற்ற தாயார் டோ டின் மே. இன்னொருவர் டோ செயின். ஷ்வேப்யிதாவில் குளிர்பானத் தொழிற்சாலை நடத்தும் ஊ மியோவின் தாயார். குளத்தில் பெயர்ந்துபோன டைல்ஸை எல்லாம் தன் செலவில் மாற்றித் தருவதாக ஊ மியோ வாக்குக் கொடுத்திருந்தார்.

மிச்சம் இருப்பது ஐந்தாவது லேன். விழா நல்லபடியாக முடிந்தால் நாகநாதனின் வேலை நிரந்தரம் என்று சயாமா சொல்லியிருந்தார். அந்த உத்தரவை அவனே டைப் அடித்துக் கொடுத்திருந்தான். அது சயாமாவின் கைப்பையில், கையெழுத்துக்காகக் காத்திருந்தது.

அலமாரியின் அடியிலிருந்து பழைய பதிவேட்டை எடுத்தான். போட்டியாளர் பட்டியலில் ஐந்தாவது பெயர்: 'மா கின் மியா, வயது 17, மிங்கலா தாங்ஞுன்ட்.' அடுத்த பக்கம் போட்டி முடிவுகளுக்கானது. அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அந்தக் கால குமாஸ்தா சோம்பேறி என்று நாகநாதன் முடிவு கட்டினான். தன் இனத்தைப் பற்றி அவனுக்குத் தெரியும்.

மிங்கலா தாங்ஞுன்டில் கின் மியாவைத் தேடுவது பழனியில் முருகனைப் பெயர் சொல்லித் தேடுவது மாதிரி. சாயங்காலத்துக்குள் பதினொரு கின் மியாக்கள் கிடைத்தார்கள். ஒருத்தி பள்ளிக்கூடம் போகிறாள். ஒருத்தி மீன் விற்கிறாள். நீந்தத் தெரியுமா என்று கேட்டதற்கு, அது தன் கூடையில் இருப்பவற்றைக் கேட்க வேண்டிய கேள்வி என்று சொல்லிவிட்டாள். ஒன்பதாவது கின் மியா காலமாகி மூன்று வருடம் ஆகியிருந்தது. அந்த வீட்டில் அவனை உட்காரவைத்துத் தேநீர் கொடுத்துத் துக்கம் விசாரிக்க வைத்துவிட்டார்கள்.

சோர்ந்துபோய் வீட்டுக்கு வந்தபோது மனைவி பிரேமா ஒரு அட்டையை நீட்டினாள். அத்தையின் அடையாள அட்டை. ஆஸ்பத்திரிக்கு நகல் வேண்டுமாம். வாங்கிச் சட்டைப் பையில் போடப்போனவன் அப்படியே நின்றான்.

'டோ கின் மியா. வயது 83.'

அத்தை ராமலெட்சுமி, நாகநாதனின் அப்பாவோடு கூடப் பிறந்தவர். வீட்டில் ராமலெட்சுமி, பள்ளிக்கூடத்திலும் சர்க்காரிலும் கின் மியா. ரங்கூன் தமிழர்களில் பாதிப் பேருக்கு இப்படி உள்ளுக்கு ஒன்றும் வெளிக்கு ஒன்றுமாக இரண்டு பெயர்கள் உண்டு. வெளிப் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லையாதலால் அது வீட்டாருக்கே மறந்துபோகும். வயது சரி, பேட்டை சரி, பெயரும் சரி; இளம்பெண்ணுக்கு 'மா', வயதானால் அதே பெயருக்கு முன்னால் 'டோ'.

ஒன்றே ஒன்றுதான் சரியில்லை. அத்தைக்குத் தண்ணீர் என்றால் உயிர்பயம். டாலாவில் கோயில் திருவிழாவுக்கு ஆற்றைக் கடக்கும்போது கண்ணை இறுக மூடிக்கொண்டு, "முருகா முருகா" என்று சொல்லியபடி உட்கார்ந்திருப்பார். அக்கரையில் சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் கண்ணைத் திறப்பார்.

"அத்தை, நீங்க சின்ன வயசுல நீந்தியிருக்கீங்களா?"

"ஏண்டா, நான் என்ன வாத்தா?"

நாகநாதன் விஷயத்தைச் சொன்னான். அத்தை பூண்டு உரிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார். மேடையில் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும், மாலை போடுவார்கள், மெடல் கொடுப்பார்கள், மத்தியானச் சாப்பாடும் உண்டு என்றான். பொய் சொல்லி மெடல் வாங்குவதா என்று அத்தை முதலில் முறைத்தார். பிறகு அவன் முகத்தைப் பார்த்தார். பதினோரு வருடமாக அந்த முகம் மாதக் கடைசியில் எப்படி இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். பிள்ளையில்லாத அவருக்கு இவன்தான் பிள்ளை.

"சரி, வர்றேன். ஆனா தண்ணிப் பக்கமா நாற்காலி போடக் கூடாது," என்றார்.

மறுநாள் சயாமாவிடம் போய், ஐந்தாவது லேன் தன் சொந்த அத்தைதான் என்றான். சயாமா சந்தோஷத்தில் எழுந்தே விட்டார். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டார். அந்தப் போட்டியில் தங்கம் வாங்கியது அவர் அம்மாவாம். ஆனால் ஊ மியோவின் அம்மாவும் தானே தங்கம் வாங்கியதாக அறுபத்தாறு வருடமாகச் சொல்லி வருகிறாராம். மெடலைக் கேட்டால் இருவருமே, வீடு மாறும்போது தொலைந்தது என்கிறார்கள். பதிவேட்டிலும் முடிவு இல்லை. ஆக, கண்ணால் கண்ட சாட்சி ஒருவர்தான் பாக்கி. மேடையில் நாகநாதனின் அத்தை உண்மையைச் சொன்னால் போதும். உண்மை என்பது தன் அம்மா முதலாவதாக வந்தார் என்பதே என்று சயாமா விளக்கினார்.

மூலையில் உட்காரவைக்கக் கிழவி ஒருத்தி கிடைத்தாள் என்று போனவன், தலைமை நீதிபதியின் மருமகனாகத் திரும்பி வந்தான்.

மத்தியானம் ஊ மியோவே காரில் வந்து இறங்கினார். அவர் மிகவும் மரியாதையாகப் பேசினார். தன் தாயார் முதலாவதாக வந்ததை அத்தை மறந்திருக்க மாட்டார் என்றார். ஒருவேளை மறந்திருந்தால் தனக்கும் டைல்ஸ் மறந்துபோகலாம் என்றார். டைல்ஸ் இல்லாத குளத்தை மூடிவிடுவார்கள், மூடிய குளத்தில் நிரந்தர குமாஸ்தாவுக்கு என்ன வேலை என்றும் சிரித்தபடி கேட்டார்.

யாரை முதலாவது என்று சொன்னாலும் வேலை போய்விடும் என்பது நாகநாதனுக்குப் புரிந்தது. ராத்திரி அத்தையின் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். ஒரே வழிதான் தோன்றியது.

"அத்தை, யாரு முதல்ல வந்தாங்கன்னு கேட்டா, ஞாபகம் இல்லைன்னு சொல்லிருங்க."

"எனக்கா ஞாபகம் இல்லை? உங்கப்பன் எட்டு வயசுல யார் வீட்டு மாங்காயைத் திருடினான்னு இப்பக் கேளு, சொல்றேன்."

"அது வேற, அத்தை. இது நடக்காத விஷயம்."

"நடக்காததுன்னா இன்னும் சுலபமா ஞாபகம் வெச்சுக்கலாமேடா."

இந்தப் பதில் அவனைக் கலவரப்படுத்தியது. அத்தை எதையாவது தப்பாக உளறிவிடக் கூடாதே என்று, குளத்துச் சுவரில் ஒட்டியிருந்த நீச்சல் பயிற்சிப் படத்தைப் பிய்த்துக்கொண்டு வந்து காட்டினான். கையை எப்படி விரிப்பது, காலை எப்படி மடக்கி உதைப்பது என்று அதில் அம்புக்குறி போட்டிருந்தது. வெள்ளிக்கிழமை அவன் வேலையிலிருந்து திரும்பியபோது, அத்தை கட்டிலில் குப்புறப் படுத்துக் காலை மடக்கி உதைத்துக்கொண்டிருந்தார். தண்ணீர்ச் செம்பு ஒரு மூலையிலும் மூக்குக் கண்ணாடி இன்னொரு மூலையிலும் கிடந்தன. பிரேமா கட்டிலோரம் நின்று, "மூச்சு, பெரியம்மா, மூச்சு," என்று சொல்லிக்கொண்டிருந்தாள். இருவருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. நாகநாதன் மட்டும் சிரிக்காமல் மூக்குக் கண்ணாடியைப் பொறுக்கினான்.

சனிக்கிழமை காலை வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. குளக்கரையில் பந்தல், மேடை, இருநூறு பேர். அத்தை பர்மியப் பெண்களைப் போலப் புது தமேன் லுங்கி கட்டி, கன்னத்தில் தனாக்காச் சாந்து பூசி, அசல் கின் மியாவாகவே வந்து இறங்கினார். நாற்காலி தண்ணீரிலிருந்து எத்தனை அடி தள்ளியிருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் மேடையேறினார்.

மற்ற இரண்டு பேரும் அவரை அடையாளம் தெரியாமல் விழிப்பார்கள், அத்தோடு தன் கதை முடிந்தது என்று நாகநாதன் எதிர்பார்த்தான். டோ டின் மே எழுந்து வந்து அத்தையைக் கட்டிக்கொண்டார். கொஞ்சம்கூட மாறவில்லையே என்றார். டோ செயின் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, அன்றைக்குத் திரும்பும்போது நீ என் விலாவில் உதைத்தாயே, இன்றைக்கும் குளிர்காலத்தில் வலிக்கிறது என்றார். அத்தை கொஞ்சமும் தயங்காமல் மன்னிப்புக் கேட்டார்.

நாகநாதன் அந்தப் புகைப்படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தான். ஒருவேளை அத்தை நிஜமாகவே நீந்தியிருப்பாரோ என்ற சந்தேகம்கூட வந்தது.

பிறகு மைக் கை மாறியது. டோ டின் மே, கடைசிப் பத்து மீட்டரில் தான் எப்படி எல்லோரையும் தாண்டினார் என்று வர்ணித்தார். சுவரைத் தொட்ட வேகத்தில் நகம் உடைந்ததாம். டோ செயின், அந்தக் கடைசிப் பத்து மீட்டரில் தனக்கு முன்னால் வெறும் தண்ணீர்தான் இருந்தது, ஆள் யாரும் இல்லை என்றார். அன்றைக்கு வெயிலில் கண் கூசியது என்பதில் மட்டும் இருவரும் ஒத்துப்போனார்கள். சயாமா ஊ மியோவை முறைத்தார். ஊ மியோ டைல்ஸைப் பார்த்தார். கடைசியாக மைக் அத்தையிடம் வந்தது.

நாகநாதன் மேடைக்குக் கீழே நின்று, ஞாபகம் இல்லை, ஞாபகம் இல்லை என்று வாயசைத்துக் காட்டினான். அத்தை அவனைப் பார்த்து அன்பாகத் தலையாட்டினார். பிறகு சுத்தமான பர்மிய மொழியில், இந்த இரண்டு சகோதரிகளும் நன்றாகத்தான் நீந்தினார்கள், யாரையும் குறை சொல்ல மாட்டேன், ஆனால் முதலில் வந்தது நான் என்றார்.

பந்தலே எழுந்து கைதட்டியது. டோ டின் மே நாற்காலியிலிருந்து எழுந்தார். டோ செயின் மைக்கைப் பிடித்து இழுத்தார். மூன்று கிழவிகளும் ஒரே மைக்கில் ஒரே நேரத்தில் ஜெயித்துக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது.

"ஏன் அத்தை இப்படிச் செஞ்சீங்க?" என்று நாகநாதன் ஓடிப்போய்க் கேட்டான்.

"அந்த ரெண்டும் அடிச்சுக்குதுங்க. அதுல ஒண்ணைச் சொன்னா இன்னொண்ணு உன் வேலைக்கு உலை வைக்கும். அதான் வம்பே வேண்டாம்னு நானே ஜெயிச்சிட்டேன்."

சயாமா வந்துவிட்டார். முகம் சிவந்திருந்தது. கைப்பையை இறுக்கிப் பிடித்திருந்தார். நல்லவேளை, அந்தப் பழைய போட்டியைத் துப்பாக்கி சுட்டுத் தொடங்கி வைக்கும் பொறுப்பில் இருந்தவரின் விலாசம் நேற்றுத்தான் கிடைத்து, மோல்மீனிலிருந்து சிறப்பு விருந்தினராக அழைத்திருந்தேன், பஸ் இப்போதுதான் வந்ததாம், அவர் வாயாலேயே கேட்டுவிடலாம், எவள் எவள் பொய் சொல்கிறாள் என்று தெரிந்துவிடும் என்றார். போய் அழைத்து வரும்படி நாகநாதனுக்கு உத்தரவிட்டார்.

அப்துல் பாரிக்கு எண்பத்தெட்டு வயது. மகள் அஸ்மா ஒரு பக்கம் தாங்கிக்கொள்ள, வாசலில் தடியூன்றி நின்றார். நாகநாதனின் பெயரைக் கேட்டதும் தமிழில் பேச ஆள் கிடைத்ததே என்று மகிழ்ந்துபோனார். காது கொஞ்சம் மந்தம் என்று அஸ்மா சொன்னதால் நாகநாதன் அவர் காதோரமாகக் குனிந்தே பேசினான். வாசலிலிருந்து மேடைக்கு அறுபது அடி. அதற்குள் இந்த மனிதரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவதைத் தவிர அவனுக்கு வேறு வழி தெரியவில்லை. மேடையில் மூன்று கிழவிகளும் சயாமாவும் ஊ மியோவும் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின்பக்கம் ஜெனரேட்டரை யாரோ இழுத்து இழுத்துக் கிளப்பப் பார்த்தார்கள்.

"ஐயா, என்னைக் காப்பாத்துங்க. அஞ்சாவது லேன்னு நான் கூட்டியாந்தது எங்க அத்தை. அவங்க வேற கின் மியா. நீச்சலே தெரியாது. என் வேலைக்காகத்தான் வந்தாங்க. பதினோரு வருஷம், ஐயா. அவங்க அன்னிக்குத் தண்ணியிலேயே இறங்கலைங்கிறதை மட்டும் மேடையில சொல்லிராதீங்க."

சொல்லி முடிக்கும்போது அவனுக்கு நிஜமாகவே கண்ணீர் வந்துவிட்டது. அப்துல் பாரி நின்றார். மேடையைப் பார்த்தார், குளத்தைப் பார்த்தார். பிறகு நாகநாதனின் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

"அதுக்குப் போயி ஏன் தம்பி அழுவுறீங்க? இடி மின்னல்னு அன்னிக்கு ரேஸை ரத்து பண்ணதே நான்தான். யாருமே தண்ணியில இறங்கலை."