மூடி திறந்து பார்ப்பவர்

“நான் கை வச்ச ரியாக்‌ஷன் எண்பது சதவீதத்துக்குக் கீழ இறங்கினதா சரித்திரமே இல்ல!” என்று ஒருவர் மார்தட்டினால், வாசகரே, சற்றுத் தள்ளி நின்று அவர் கைகளைக் கவனியுங்கள். சும்மா இருக்கின்றனவா? இருக்காது. எந்தப் பாத்திரம் மூடியிருந்தாலும் பொறுக்காத ஓர் இனம் இவ்வுலகில் உண்டு. அந்த இனத்தின் தலைமகன்தான், மருந்து ஆய்வுக்கூடமே ‘எண்பது சார்’ என்று அழைக்கும் நம் மூத்த வேதியியலாளர்.

பக்கத்து மேசைக்காரிக்கு ஒரு கஷ்டம். ஆறு மாதம் பாடுபட்டுச் சேர்த்த மூலப்பொருளை மூன்று பங்காகப் பிரித்திருந்தாள். முதல் இரண்டு பங்கும் சார் தாமாகவே முன்வந்து மேற்பார்வை பார்த்ததில் போயேபோய்விட்டன. கிடைக்கவேண்டியதில் கைக்கு வந்த விளைச்சல் இருபது சதவீதம். அதிலும் பாதி அழுக்கு. பரிசோதனைத் தட்டில் ஒரு புள்ளி தெரியவேண்டிய இடத்தில் மூன்று புள்ளிகள் பல்லைக் காட்டின. மிச்சம் ஒரே பங்கு. வெள்ளிக்கிழமைக்குள் சுத்தமாக இரண்டு கிராம் கொடுக்காவிட்டால் அவள் வேலையையே இழுத்து மூடிவிடுவார்கள்.

சார் விடுவாரா? துப்பறியக் கிளம்பினார். கரைப்பான் சரியில்லை என்றார், மெக்னீசியம் பழசு என்றார், தராசைச் சந்தேகித்தார், சரக்கு அனுப்பியவனைத் திட்டினார், ஜன்னலைச் சாத்தினார், கடைசியில் தரை துடைப்பவரையே நிறுத்தி விசாரித்தார்.

“துணியில தண்ணி எவ்வளவு இருந்துச்சு?”

“தரை துடைக்கிற அளவுக்கு இருந்துச்சு சார்.”

அவளோ தன் நோட்டின் ஓரத்தில் போட்டிருந்த கோடுகளை எண்ணிக்கொண்டிருந்தாள். இரண்டாவது முயற்சியில் சார் குடுவையின் மூடியைக் கழற்றிய கணக்கு அது. பதினான்கு கோடு! ஈரக்காற்று பட்டாலே உயிரை விடுகிற சரக்கு அது. அதற்காகத்தானே குடுவையைச் சுட்டு உலர்த்தி, நைட்ரஜன் நிரப்பி, இறுக்கி மூடுகிறார்கள்?

“சார், அடிக்கடி ஏன் திறக்கிறீங்க?”

“திறக்கலம்மா. லேசா பார்த்தேன்.”

மறுநாள் அவள் தேனாகப் பேசினாள். “சார், கடையில வாங்கின மூலப்பொருள்ல நீங்களே தனியா ஒண்ணு செஞ்சு காட்டுங்களேன். உங்க கை எப்படின்னு நாங்களும் கத்துக்கிறோம்.”

சார் குளிர்ந்துபோனார். கோடி மேசையில் கடை விரித்தார். குடுவை ஏறியது, நைட்ரஜன் பலூன் உப்பியது, மூடி விழுந்தது. பத்தாவது நிமிடம் மூடி எழுந்தது. நிறம் மாறியதா? மாறவில்லையே! இன்னொரு தடவை. இப்போது? இந்தக் கோடியில் அவள் தன் கடைசிப் பங்கை ஏற்றி மூடிய குடுவைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, இரண்டு மணி நேரம் நகம் கடித்தாள்.

சாயங்காலம் அவளுக்கு எண்பத்து மூன்று சதவீதம். தட்டில் ஒரே புள்ளி. இரண்டு கிராமுக்கு மேலேயே.

“பார்த்தியா, ஜன்னலைச் சாத்தினேன்ல!” என்றார் சார்.

“ஆமா சார். உங்களுக்கு எவ்வளவு வந்துச்சு?”

“இன்னும் காயலம்மா.”

காய்ந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. அவள் நகர்ந்ததும் எடை போட்டார், தராசுத் தட்டைத் துடைத்துவிட்டு மறுபடி போட்டார், பொடி எழுத்தில் நோட்டில் குறித்து மூடினார். சும்மா இருக்க முடியுமா? மெல்லத் திறந்து இன்னொரு முறை பார்த்தார்.

என்ன எழுதியிருந்தது என்கிறீர்களா? உங்களுக்குத் தெரியாததா? படித்துக்கொண்டிருக்கும்போதே இந்தக் கடைசி வரியை லேசாக எட்டிப் பார்த்தீர்களே, அதேதான். முப்பத்தொன்று.