நீங்கள் மட்டும்தான், நீங்கள் எல்லோரும்

ஒருவரிடம் "நீங்கள் மட்டும்தான்" என்று சொன்னால் அது காதல். ஐம்பது பேரிடம் தனித்தனியாகச் சொன்னால் வியாபாரம். ஐம்பது பேரையும் ஒரே இடத்தில் உட்கார வைத்துச் சொன்னால் அதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியாது. ஆனால் செய்திருக்கிறேன். என் சொந்தக்காரர்கள் இந்தக் கதையை ஆளுக்கொரு விதமாகச் சொல்லிக்கொண்டு திரிவதால் (சமீபத்தில் ஒரு வளைகாப்பில் கேட்டதில், நான் அமெரிக்க ஜனாதிபதிக்கே கடிதம் போட்டிருந்தேன்) நானே சொல்லிவிடுவது நல்லது. ஒரு விஷயம் மட்டும் முன்கூட்டியே: முடிவில் நான் வெட்கப்படுவேன் என்று யாரும் காத்திருக்க வேண்டாம்.

அப்போது நான் எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டு, காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன நர்சிங் ஹோமில் டியூட்டி டாக்டராக இருந்தேன். அமெரிக்காவில் மேற்படிப்புப் பயிற்சிக்குச் சேர வேண்டும் என்பது ஆசை. அதற்கான பரீட்சைகளை எல்லாம் எழுதித் தேறியிருந்தேன். ஆனால் தேறினால் போதாது. அங்கே ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஆயிரக்கணக்கில் விண்ணப்பம் குவியும். அதில் கொஞ்சம் பேரைத்தான் நேர்காணலுக்குக் கூப்பிடுவார்கள். அந்தக் கொஞ்சம் பேரில் ஒருவராக வேண்டுமென்றால், "உங்கள் ஆஸ்பத்திரி என்றால் எனக்கு உயிர்" என்று நாமே கடிதம் எழுதி ஆர்வத்தைத் தெரிவிக்க வேண்டும்.

முதல் வருடம் நான் ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் தனித்தனியாக எழுதினேன். அந்த ஊர் ஏரி, அந்த ஊர் பனி, அவர்கள் செய்த ஆராய்ச்சி என்று உருகி உருகி எழுதினேன். (நான் பார்த்த அதிகபட்சப் பனி, ஐஸ்கிரீம் கடை ஃப்ரீசரில்தான்.) ஒருவரும் பதில் போடவில்லை. நேர்காணல் அழைப்பும் வரவில்லை.

இரண்டாவது வருடம் விண்ணப்பித்தபோது, பக்கத்து வீட்டில் இருந்த என் அத்தை அப்பாவிடம் வந்து தீர்ப்புச் சொன்னார். "டாக்டராயிட்டு மறுபடியும் டாக்டராவுறதுக்கு மனு போட்டுக்கினு இருக்குறா. வயசு இன்னா நின்னுக்கினா இருக்குது? இந்த வருசம் வரலன்னா நிறுத்திட்டுக் கல்யாணத்தப் பாருபா."

அப்பா தலையாட்டிவிட்டார். நானும் வேறு வழியில்லாமல் ஒப்புக்கொண்டேன். ஆக, அந்த வருடம்தான் கடைசி.

சென்னையில் இதற்கென்றே ஒரு ஆலோசகர் இருந்தார். "கடிதத்தைப் படிக்கிற ஒவ்வொருவருக்கும் தாங்கள் மட்டும்தான் உங்கள் தேர்வு என்று தோன்ற வேண்டும்" என்றார். இதை வீட்டில் சொன்னதும் அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். அவர் பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக் கடையில் விற்பனையாளர்.

"இதத்தானம்மா நான் இத்தினி வருசமா பண்ணிக்கினு இருக்குறேன்! 'இந்த டிசைன உங்களுக்காவ எடுத்து வெச்சேம்மா, வேற யாருக்கும் பிரிச்சுக்கூட காட்டல'ன்னு ஒரு வார்த்தை. கல்யாணப் பொண்ணோட அம்மா அப்புறம் எந்திரிக்கவே மாட்டாங்க."

இரண்டு நிபுணர்களும் ஒரே வழியைக் காட்டியதால் நான் துணிந்து இறங்கினேன். ஏரி, பனி எல்லாவற்றையும் வெட்டி எறிந்துவிட்டு எந்த ஆஸ்பத்திரிக்கும் பொருந்துகிற மாதிரி ஒரே கடிதம். அதில் ஒரு வரி: "தங்கள் மருத்துவமனை ஒன்றைத் தவிர வேறெந்த இடத்தையும் என் மனம் நினைத்துப் பார்த்ததில்லை." ஐம்பது சொச்சம் ஆஸ்பத்திரிகளின் பயிற்சித் தலைவர்களுக்கும் அதை ஒரே மின்னஞ்சலில் அனுப்புவதாகத் திட்டம். முகவரிகளைப் பிசிசி என்ற பெட்டியில் போட்டால் ஒருவர் பெயர் மற்றவருக்குத் தெரியாது. சிசி என்ற பெட்டியில் போட்டால் எல்லோருக்கும் எல்லோரும் தெரிவார்கள். இது பத்தாம் வகுப்புப் பையனுக்குக்கூடத் தெரியும். எனக்கும் தெரியும்.

அனுப்பிய நாள் செவ்வாய்க்கிழமை. மதியம் நான் லேப்டாப்பைத் திறந்ததும், ஏதோ நிச்சயதார்த்தம் மாதிரி அம்மா ஒரு பக்கம், அத்தை ஒரு பக்கம் உட்கார்ந்துவிட்டார்கள். அப்பா அன்று கடைக்கு அரை நாள் லீவு.

"ராகு காலம் வந்துக்கினே இருக்குது, சீக்கிரம் அனுப்பும்மா" என்றார் அத்தை.

"இருங்க அத்தை, ஒரு தடவ படிச்சுப் பாத்துக்கறேன்."

"இனிமே இன்னா படிப்பு? அதான் டாக்டருக்கே படிச்சுட்டல்ல!"

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்க, அப்பா கைக்கடிகாரத்தைப் பார்க்க, நான் முகவரிகளை மொத்தமாக ஒட்டி அனுப்பு பொத்தானை அழுத்தினேன். ராகு காலம் பிறக்கும் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டது. எல்லாம் சிசியில்.

எனக்கு அது தெரியவில்லை. அமெரிக்காவும் தூங்கிக்கொண்டிருந்தது. நான் நிம்மதியாக மாலை டியூட்டிக்குப் போனேன்.

எதிரில் ஏகாம்பரம் என்ற பெரியவர். அவர் கையில் ரத்த அழுத்தப் பட்டையைக் கட்டிக் காற்றை ஏற்றிக்கொண்டிருக்கும்போது மேஜை மேலிருந்த போன் துடிக்க ஆரம்பித்தது. அமெரிக்கா விழித்துக்கொண்டது. ஒரு கண்ணால் எட்டிப் பார்த்தேன்.

ஒருவர் எழுதியிருந்தார்: "நான் மட்டும்தான் என்று நம்பிவிட்டேன். என் மனம் உடைந்துவிட்டது." இதை எல்லோருக்கும் அனுப்பியிருந்தார். இன்னொருவர், "என்னை இந்தப் பட்டியலிலிருந்து நீக்குங்கள்" என்று கேட்டிருந்தார், எல்லோரிடமும். மூன்றாமவர் நான்காமவரைக் கண்டுபிடித்து, "அட, நீயும் இங்கேதான் இருக்கிறாயா? முட்டி ஆபரேஷன் எப்படி ஆயிற்று?" என்று விசாரிக்க, நான்காமவர் முட்டியைப் பற்றி விலாவாரியாக எழுத, ஐந்தாமவர் அதற்கு ஒரு களிம்பைச் சிபாரிசு செய்திருந்தார்.

என் முகம் போன போக்கைப் பார்த்து ஏகாம்பரம் பயந்துவிட்டார். "இன்னா டாக்டரம்மா, ஏறிப்போச்சா? எதுவா இருந்தாலும் சொல்லிடும்மா, தாங்கிக்கறேன்."

"உங்களுக்கு நார்மல்தாங்க ஐயா."

"அப்ப ஏம்மா உன் கை இப்பிடி நடுங்குது?"

அவருடைய ரத்த அழுத்தம் ஏறியது அதற்கப்புறம்தான்.

வீட்டில் அன்று சாப்பாட்டுக்குப் பதில் பஞ்சாயத்து. நடந்ததை விளக்கியதும் அம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "ஏண்டி, அப்ப அம்மாம் பேரு கழுத்துலயும் ஒரே நேரத்துல மாலையப் போட்டுட்டியா?"

அப்பாவுக்குத் தொழில்முறை வருத்தம். "ரெண்டு பார்ட்டி ஒரே பாய்ல ஒக்காந்துக்கினு இருக்கும்போது அந்த டயலாக்க சொல்லவே கூடாதும்மா. சரி, ஆனது ஆயிப்போச்சு. எல்லார் கால்லயும் வுழுந்து மன்னிப்பு கேட்டு ஒரு லெட்டர் போட்டுடு."

ஆலோசகரிடம் போனில் கேட்டேன். "வாயே திறக்காதீர்கள். உங்கள் பெயர் கெட்டுவிட்டது. இரண்டு மூன்று வருடம் போனால் மறந்துவிடுவார்கள்" என்றார். அத்தையோ என் ஜாதகம் எங்கே இருக்கிறது என்று அம்மாவிடம் மெதுவாக விசாரித்தார்.

அந்த விசாரணைதான் எனக்கு ரோஷத்தைக் கிளப்பியது. போன வருடம் உருகி எழுதியபோது ஒரு ஈ காக்காய் திரும்பிப் பார்க்கவில்லை. இன்று ஐம்பது பேரும் என் கடிதத்தை வரி விடாமல் படித்திருக்கிறார்கள். பெயர் கெட்டுவிட்டதாமே! எனக்கு ஒரு பெயர் இருக்கிறது என்பதே இன்றைக்குத்தானே அவர்களுக்குத் தெரிந்தது?

"மன்னிப்புல்லாம் கேக்க மாட்டேன்பா" என்றேன்.

"பின்ன இன்னா பண்ணப்போற?"

"இன்னொன்னு போடப்போறேன்."

"இந்த வாட்டியாவது பேர மறைச்சு அனுப்பும்மா!"

மறைக்கவில்லை. தெரிந்தே, ஒவ்வொரு முகவரியும் எல்லோர் கண்ணிலும் படும்படி, அதே சிசியில் எழுதினேன். கிட்டத்தட்ட இப்படி:

"மதிப்புக்குரிய எல்லோருக்கும். ஆமாம், அனைவருக்கும் ஒரே கடிதம்தான். எல்லா மருத்துவமனைகளுக்கும் விண்ணப்பிக்கச் சொல்வதும் நீங்கள்தான்; உங்களை மட்டுமே விரும்புவதாகச் சொன்னால் மகிழ்வதும் நீங்கள்தான். ஒருவரை மட்டும் விரும்பும் வசதி எனக்கு இல்லை. நான் காஞ்சிபுரத்தில் தினமும் நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவர். நன்றாகவே பார்க்கிறேன், இன்னும் நன்றாகப் பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும். யார் கூப்பிடுகிறீர்களோ அவர்கள் விஷயத்தில் என் ஆர்வம் நூறு சதவீதம் உண்மையாக இருக்கும். பின்குறிப்பு: முட்டிக்கு அந்தக் களிம்பு மட்டும் போதாது, உடற்பயிற்சியும் தேவை."

பின்குறிப்பு கொஞ்சம் ஜாஸ்திதான். ரோஷம் வந்தால் எனக்கு எங்கே நிறுத்துவதென்று தெரியாது.

அதோடு அந்த மின்னஞ்சல் சங்கிலி அறுந்துபோனது. ஒரு வாரம் ஓடியது. அத்தை ஜாதகத்தைக் கண்டுபிடித்துவிட்டார். நானும் நர்சிங் ஹோமில் தலையைக் குனிந்தபடி மாத்திரை எழுதிக்கொண்டிருந்தேன். (வெளியே வீராப்பு. ஆனால் மணிக்குப் பத்து தடவை மெயிலைத் திறந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.) அப்புறம் ஒரு மாலை, எனக்கு மட்டும் ஒரு பதில் வந்தது. குளிர்ப் பிரதேசத்தில் ஒரு சின்ன ஊர், சின்ன ஆஸ்பத்திரி. வீடியோ நேர்காணலுக்குத் தயாரா என்று கேட்டிருந்தார்கள்.

நேர்காணல் செய்தவர் நரைத்த முடியைக் குட்டையாக வெட்டிய ஒரு அம்மையார். கதவுக்குப் பின்னால் அம்மாவும் அப்பாவும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அந்த அம்மையார் என் மதிப்பெண், சான்றிதழ் எதையும் கேட்கவில்லை. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு முதல் கேள்வியாக, "உண்மையைச் சொல். எங்கள் ஆஸ்பத்திரியின் பெயர் அந்தப் பட்டியலில் எத்தனையாவது?" என்றார்.

பொய் சொல்வதில்லை என்று இரண்டாவது கடிதத்தோடு முடிவு செய்தாகிவிட்டதே. "அகர வரிசைதான் மேடம். நீங்கள் கடைசிக்குப் பக்கத்தில். ஆனால் இதுவரை கூப்பிட்டவர் நீங்கள் ஒருவர்தான். அதனால் இப்போது நிஜமாகவே நீங்கள் மட்டும்தான்."

அவர் சிரித்தார், கண்ணாடி கழன்று மடியில் விழும்வரை. பிறகு முக்கால் மணி நேரம் நோயாளிகளைப் பற்றி மட்டும் பேசினோம். கதவுக்கு வெளியே அப்பா, "சிரிக்கிறாங்க, சிரிக்கிறாங்க. பார்ட்டி எடுத்துடும்" என்று அம்மாவிடம் கிசுகிசுத்தது எனக்கே கேட்டது.

எடுத்துக்கொண்டார்கள். அந்த வருடம் எனக்கு வந்தது அந்த ஒரே ஒரு நேர்காணல். இடம் கிடைத்ததும் அதே ஆஸ்பத்திரியில்தான். ஆலோசகர் இப்போது என்னைத் தன் மாணவி என்று விளம்பரம் செய்கிறார். செய்யட்டும். அத்தை, தான் ராகு காலத்துக்கு முன்பே அனுப்ப வைத்ததால்தான் எல்லாம் நடந்தது என்று தெருவில் சொல்லிக்கொண்டிருக்கிறார். அதையும் மறுக்க முடியவில்லை.

என் கடிதத்தின் புகழ் அந்த ஆஸ்பத்திரி முழுக்கப் பரவியிருந்தது. அங்கே எனக்கு ஒரு வருடம் மூத்தவராகப் பயிற்சியில் இருந்த சேலத்துக்காரர் ஒருவர், காபி குடிக்கக் கூப்பிட்டு, ரொம்ப நேரம் கோப்பையைச் சுழற்றிக்கொண்டே இருந்துவிட்டு, கடைசியில் கல்யாணப் பேச்சை எடுத்தார். நான் சம்மதம் சொன்னேன். உடனே, "நான் மட்டும்தானா? இல்ல, சிசியில வேற யாராவது இருக்காங்களா?" என்றார்.

"சிசியில் யாரும் இல்லை" என்றேன். "பிசிசியில் இருக்கிறார்கள்."

கல்யாணமாகிக் குழந்தையும் பிறந்தாகிவிட்டது. வீட்டில் நாலு பேர் கூடினால் போதும், அந்தப் பிசிசியில் இருப்பது யார் என்று அவர் கேட்காமல் இருப்பதில்லை. நான் சொல்வதாக இல்லை.