சாம்பல் மன்னன் சாகவில்லை

சாம்பல் மன்னன் சிம்மாசனத்திலிருந்து எழுந்து, ஆளுயர வாளை இரண்டு கையாலும் தூக்கி, "இன்றோடு உங்கள் கதை முடிந்தது!" என்று கர்ஜித்தான். அவனுக்காகக் கர்ஜித்து முடித்த கதைக்காரர், இருமிக்கொண்டே எதிரில் இருந்த நாலு பேர் முகத்தையும் பார்த்தார்.

"எழுந்திரிக்கும்போது இடுப்பைப் பிடிச்சானே, வலி எத்தனை நாளா இருக்கு?" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"இடுப்பைப் பிடிக்கலைங்க. வாளைத் தூக்கினான்."

"முந்நூறு வருஷமா கல்லு நாற்காலியில உக்காந்திருக்கான்னு நீங்கதானே சொன்னீங்க? வலிக்காம என்ன பண்ணும்? என்கிட்ட மூலிகைத் தைலம் இருக்கு. தேய்ச்சு விடறேன்."

கடைக்காரர் இருபது முகப் பகடையை உருட்டினார். பதினெட்டு விழுந்தது. விதி என்றால் விதிதான். சாம்பல் மன்னன் வாளை ஓரமாக வைத்துவிட்டுக் குப்புறப் படுத்தான்.

மருந்துக்கடையின் பின்னறையில், அட்டைப்பெட்டிகளே நாற்காலிகளாக, ஞாயிறுதோறும் நடக்கும் விளையாட்டு இது. ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் வீரர்களாகப் புகுந்து, என்ன செய்கிறோம் என்று வாயால் சொல்வார்கள். பலிக்குமா பலிக்காதா என்று பகடை சொல்லும். கடைக்காரர், கணக்கு டீச்சர், எலக்ட்ரீஷியன், கதைக்காரரின் மச்சினன் ஆகிய நால்வரும் அன்று அந்த வில்லனை வெட்டிச் சாய்த்திருக்க வேண்டும்.

கதைக்காரருக்கு அது அவசரமாகத் தேவைப்பட்டது. பார்சல் கம்பெனியில் புகார் கேட்பது அவர் வேலை. உடைந்த கண்ணாடி, வராத செருப்பு, ஆள் மாறிப் போன மெத்தை என்று வாரம் பூராவும் வாங்கிக் கட்டிக்கொண்டு வருகிறவருக்கு, வீட்டில் 'ம்' என்று சொல்லக்கூடத் தெம்பு மிஞ்சாது. மிச்சமிருந்த ஞாயிறையும் மூன்று வருஷமாக விளையாட்டு தின்றுவிட்டது. மனைவியை நினைத்தால் அவருக்கே பாவமாக இருந்தது. "இந்த வில்லன் மட்டும் செத்துட்டான்னா, ஞாயித்துக்கிழமை பூரா உனக்குத்தான்" என்று வாக்குக் கொடுத்திருந்தார். ஆனால் சும்மா நிறுத்திவிட்டு வரவும் மனசில்லை. ஆயுசுக்கும் மறக்காத ஒரு சண்டை, அதன் பிறகு ஓய்வு. அதுதான் கணக்கு.

அன்று சாயங்காலம் தட்டின் முன் உட்கார்ந்ததும் பொரிந்து தள்ளினார்.

"தைலம் தேய்க்கிறாங்களாம் தைலம்! எப்பேர்ப்பட்ட ராட்சசன்! குப்புறப் படுக்க வெச்சுட்டாங்க!"

"அப்புறம்?" என்றாள் மனைவி, கரண்டியைப் பிடித்த கை அப்படியே நிற்க.

"அப்புறம் என்ன, தூங்கிட்டான். கவலைப்படாதே, அடுத்த வாரம் முடிச்சுடறேன்."

அவள் குனிந்தபடி பரிமாறினாள். நம்பிக்கை போய்விட்டது போலிருக்கிறது என்று அவருக்குச் சங்கடமாகிவிட்டது.

மறுவாரம் வில்லனின் கொடுமையைக் கூட்டினார். சாம்பல் மன்னன் ஒரு கிராமத்தையே கொளுத்தினான்.

"எந்த கிராமம்?" என்றார் கணக்கு டீச்சர்.

"ஆத்தங்கரையில இருக்கே, அது."

"அங்கதான் நூறு வருஷமா ஆளே இல்லையே? போன மழைக்காலத்துல நீங்களே சொன்னீங்க. வெறும் முள்ளுப் புதர். எரிச்சு சுத்தம் பண்ணியிருக்காரு. யாராவது பாராட்டுனீங்களா அவரை?"

பாராட்டினார்கள். கை தட்டினார்கள். மருந்துக்கடைக்காரர் மாலை போடவேண்டும் என்று வேறு அடம்பிடித்தார். கதைக்காரருக்குத் தலை வலித்தது. கடையிலேயே மாத்திரை வாங்கி விழுங்கினார்.

சொந்த ரத்தத்தைத் தொட்டால்தான் இவர்களுக்கு ரோஷம் வரும் என்று, அதற்கடுத்த வாரம் எலக்ட்ரீஷியனின் வீரனுக்கு ஒரு தங்கையை உண்டாக்கி, அவளைச் சாம்பல் மன்னன் தூக்கிக்கொண்டு போகும்படி செய்தார். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது.

"அவனுக்குச் சொந்தக் கோட்டைதானே?" என்றார் எலக்ட்ரீஷியன்.

"ஆமாம். அதுக்கென்ன இப்போ?"

"மாமியார், நாத்தனார் பிடுங்கல்?"

"யாரும் கிடையாது. எல்லாரையும் கொன்னுட்டான்."

"இதைவிட நல்ல இடம் எங்க கிடைக்கும்? தங்கச்சிக்குச் சம்மதம்னா முடிச்சுடலாம்."

தங்கைக்காகப் பகடை உருண்டது. சம்மதம். மூன்று வருஷம் பார்த்துப் பார்த்து வளர்த்த வில்லன் மாப்பிள்ளையாகிப் போனான். அன்று சாயங்காலம் கதைக்காரர் சாப்பிடவே மறந்து கத்தினார். மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள். பாவம், அழுகையை அடக்குகிறாள் என்று நினைத்தார்.

இனி இவர்களை நம்பிப் பயனில்லை. வில்லனைத் தானே சாகடித்துவிடுவது என்று முடிவெடுத்தார். அடுத்த ஞாயிறு, கல்யாண விருந்தில் யாரோ வைத்த விஷத்தைக் குடித்துச் சாம்பல் மன்னன் சாய்ந்தான். கதைக்காரர் அவனுக்காக உருக்கமான கடைசி வசனம்கூட எழுதி வைத்திருந்தார்.

"வாயைத் திறங்க, மாத்து மருந்து குடுக்கறேன்!" என்று பாய்ந்தார் மருந்துக்கடைக்காரர்.

"அதுக்கு இருபது விழணும். விழாது."

விழுந்தது. நால்வரும் கட்டிப்பிடித்துக் குதித்ததில் பெட்டி ஒன்று நசுங்கியது. மச்சினன் விசில் அடித்தான். கதைக்காரரால் அதற்குமேல் தாங்க முடியவில்லை.

"அவனைக் கொன்னுத் தொலைங்கப்பா!" என்று கத்தினார். "உங்க கால்ல வேணும்னாலும் விழறேன். என் பொண்டாட்டிக்கு வாக்குக் குடுத்திருக்கேன். இவன் செத்தாத்தான் நான் அவளோட இருக்க முடியும். நான் என்ன சொன்னாலும் இவனைக் காப்பாத்திக்கிட்டே இருக்கீங்களே, உங்களுக்கு அப்படி என்னய்யா வேண்டுதல்?"

டீச்சர் எலக்ட்ரீஷியனைப் பார்த்தார். எலக்ட்ரீஷியன் நசுங்கிய பெட்டியைப் பார்த்தார். கடைசியில் மூவரும் மச்சினனைப் பார்த்தார்கள்.

அவன் தலையைச் சொறிந்தான்.

"அக்காதான் மாமா ஒவ்வொருத்தருக்கா போன் பண்ணி, அவனை மட்டும் கொன்னுடாதீங்கன்னு கெஞ்சுச்சு. வாரம் பூரா நீங்க அதுகிட்ட வாயத் திறந்து பேசுறதே, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வந்து அவனைத் திட்டும்போது மட்டும்தானாமே!"