பாராட்டுக்கு மட்டும் அனுமதி

ஒருவர் எழுதியதை நான் "அருமை" என்று சொல்லிவிட்டால், அதில் அவர் எழுதியிருப்பதற்கெல்லாம் நானும் பொறுப்பா? ஐந்து மாதமாக யோசிக்கிறேன். சோறு வடிக்கும்போது இல்லை என்று தோன்றுகிறது. மகளைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வாசலில் நிற்கும்போது ஆமாம் என்று தோன்றுகிறது.

எல்லாம் பிரசவ விடுமுறையில் தொடங்கியது. இணையத்தில் ஒரு மணி நேர இலவசப் பயிற்சி. தலையணைமேல் போனைச் சாய்த்து வைத்து, பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே பார்த்தேன். "எழுதுகிற ஒவ்வொருவருக்குள்ளும் ஒரு பூ இருக்கிறது. விமர்சனம் என்ற வெயிலில் அதை வாட்டாதீர்கள்" என்றார் நடத்தியவர். எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. (அந்த மூன்று மாதத்தில் என்னைப் பார்த்த அத்தனை பேரும் பால் பத்தவில்லை, பிள்ளை மெலிவு, தொட்டில் கோணல் என்றுதான் சொல்லியிருந்தார்கள். நல்ல வார்த்தை யார் சொன்னாலும் பின்னால் போய்விடும் நிலையில் இருந்தேன்.)

அந்த வாரமே வாட்ஸ்அப்பில் குழு தொடங்கிவிட்டேன். பெயர், 'துளிர்க்கும் தூரிகைகள்'. எழுதுவதற்குத் தூரிகை எதற்கு என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் குறை சொன்னதாகியிருக்கும். குறை சொல்லக்கூடாது என்பதுதான் முதல் விதி. ஒவ்வொரு பதிவுக்கும் ஒவ்வொருவரும் ஒரு பாராட்டாவது எழுதியே ஆகவேண்டும் என்பது இரண்டாம் விதி. கூச்சப்படுகிறவர்கள் எனக்குத் தனியாக அனுப்பினால் பெயர் போடாமல் நானே பதிவேன், பெயர் என் உயிரோடு போகும் என்பது மூன்றாம் விதி. உயிரையெல்லாம் யார் கேட்டார்கள்? நானாகவே கொடுத்தேன்.

தேயிலைத் தோட்டத்துப் பெண்கள், என்னோடு கொட்டகலை ஆசிரியர் கல்லூரியில் படித்தவர்கள், பள்ளிக்கூடத்து ஆசிரியைகள், கூடவே என் கணவர் என்று நாற்பது பேர் சேர்ந்தார்கள். ஒரு வருடம் மழை, அம்மா, பனி, மறுபடியும் அம்மா என்று கவிதையாக வந்தது. எல்லாவற்றுக்கும் கீழே "அருமை", "சொல்ல வார்த்தையில்லை", கைதட்டும் படங்கள். சொல்ல வார்த்தையில்லாதவர்கள் எழுத்துக் குழுவில் என்ன செய்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. என் கவிதைக்கு எத்தனை கை வந்தது என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒரு பயிற்சி கொடுத்தேன். அந்த இணையப் பயிற்சியில் சொன்னதுதான்: 'உங்கள் பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றி உண்மையாக எழுதுங்கள்.' கொழும்பில் மாடி வீட்டில் இருப்பவர்கள் எழுதலாம். பக்கத்தில் இருப்பது யாரென்று அவர்களுக்கே தெரியாது. நாங்கள் இருப்பதோ பத்து காம்பரா லயம், ஒரே கூரையின்கீழ் வரிசையாகப் பத்து வீடு. நடுச்சுவர் கூரையைத் தொடாது. ஒரு வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டில் வெந்நீர் வைப்பார்கள். இந்த ஊரில் பக்கத்து வீடு என்றால் இடம், வலம், முடிந்தது கணக்கு. இதை யோசிக்க எனக்குப் பட்டம் தேவையில்லை. வாசலில் நின்று இரண்டு பக்கமும் பார்த்திருந்தால் போதும்.

ஆறு பேர் எழுதினார்கள். ஐந்து பேரின் பக்கத்து வீட்டுக்காரர்களும் தங்கமானவர்கள். ஆறாவது கட்டுரை எனக்குத் தனியாக வந்தது. மூன்றாவது வரியிலேயே யாரைப் பற்றி என்று தெரிந்துவிட்டது: என் பக்கத்து வீட்டு மல்லிகாக்கா. முழங்கால் வலியால் கொழுந்து பறிப்பதை விட்டவர். காலை ஏழு மணியிலிருந்து நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்வரை என் மகளைப் பார்த்துக்கொள்கிறவர். அவர் இல்லையென்றால் எனக்கு வேலை இல்லை. ஒப்பந்த ஆசிரியைதான், இன்னும் நிரந்தரமாகவில்லை.

அனுப்பியவர் மல்லிகாக்காவின் சொந்தத்தில் ஒருவர். என்ன முறை என்று கேட்காதீர்கள், சொன்னால் கண்டுபிடித்துவிடுவீர்கள். ஆனால் பக்கத்து வீட்டிலிருந்து பார்ப்பதுபோல எழுதியிருந்தார். முழங்கால் வலி என்று படியிறங்காதவர், சேலை விற்கும் வேன் சத்தம் கேட்டால் முதல் ஆளாக ரோட்டில் நிற்கிறாராம். ஆள் வரும் சத்தம் கேட்டால் சீனிப் போத்தலை மாவு டின்னுக்குள் மறைக்கிறாராம். யார் டீ போட்டுக் கொடுத்தாலும் "கழனித்தண்ணி" என்று சொல்லிக்கொண்டே இரண்டாவது கோப்பைக்குக் கை நீட்டுகிறாராம்.

என்ன சொல்ல, நன்றாக எழுதியிருந்தார். மழையும் அம்மாவும் படித்துப் படித்துச் செத்துக்கிடந்த எனக்கு உயிர் வந்தது. என் குழுவில் வளர்ந்த எழுத்து என்ற கர்வம் வேறு. நான்கு முறை போடுவதா வேண்டாமா என்று யோசித்து, ஐந்தாவது முறை ஒரு பாதுகாப்பு செய்தேன். மல்லிகாக்கா என்றிருந்ததை அல்லியக்கா என்று மாற்றினேன். உலகத்தில் எந்தப் பொலிஸாலும் கண்டுபிடிக்க முடியாது என்று நிம்மதியாகப் பதிந்தேன்.

விதிப்படி பாராட்டு கொட்டியது. "நூற்றுக்கு நூறு உண்மை." "அல்லியக்காவை நேரில் பார்த்தேன்." "இன்னும் எதிர்பார்க்கிறோம்."

மறுநாள் தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் ஒருவர் அதை மல்லிகாக்காவுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டியிருக்கிறார். கட்டுரையோடு நிறுத்தவில்லை. கைதட்டியவர்களின் பெயரையும் வரிசையாக வாசித்திருக்கிறார்.

அடுத்த நாள் காலை பால் போத்தலும் பிள்ளையுமாகப் போனேன். அக்கா வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"என்னா டீச்சர், பொய்க்காரிகிட்ட பிள்ளைய விடலாமா? சேல வேன் வந்தா நான் பிள்ளைய போட்டுட்டு ஓடிருவேனே."

"அக்கா, சத்தியமா அது நான் எழுதல."

"அப்ப யாரு? எனக்கு இந்தப் பக்கம் நீங்க. அந்தப் பக்கம் தேயில. தேயில எழுதுச்சா?"

அவருடையது கடைசிக் காம்பரா. எனக்கு இது அப்போதுதான் உறைத்தது.

"பிள்ளைய தூக்க வர்ற சாக்குல என் மாவு டின்ன தொறந்து பாத்திருக்கீங்க. படிச்ச புள்ளன்னு நம்புனேன் பாருங்க."

மாவு டின் விவரம் தெரிந்தவர் அந்த வீட்டுக்குள்ளேதான் எங்கோ நின்று கேட்டுக்கொண்டிருந்தார். வாயைத் திறந்தால் நான் தப்பித்துவிடுவேன். ஆனால் அந்த வீடு இரண்டாகிவிடும். கொடுத்த வாக்கும் இருந்தது. பேசாமல் திரும்பினேன். (வீரம் என்று நினைக்காதீர்கள். என்ன சொல்வது என்று யோசித்து முடிப்பதற்குள் கதவைச் சாத்திவிட்டார்.)

நான்கு நாள் மகளைப் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு போனேன். தரம் மூன்று வகுப்பின் மேசைக்கடியில் உட்கார்ந்து சோக்குக் கட்டி தின்றாள். அது உடம்புக்கு ஆகுமா என்று போனில் தேடிக்கொண்டிருந்தபோது பள்ளிக்கூடத்து அதிபர் உள்ளே வந்தார். "திங்கட்கிழமையும் இப்படித்தான்னா, நீங்க வீட்டோட இருக்கிறது நல்லது டீச்சர்" என்றார். அவர் என் குழுவில் இல்லாதவர். விதி தெரியாதவர்.

சனிக்கிழமை சமாதானம் பேசப் போனேன். வெறுங்கையோடு போகலாமா? டவுனில் ஒரு பிஸ்கட் பெட்டியும் ஒரு கிலோ சீனியும் வாங்கிக்கொண்டேன். ஆமாம், சீனி. பழக்கதோஷம். பையிலிருந்து எடுத்து நீட்டிய பிறகுதான் என் கையில் இருப்பதைப் பார்த்தேன். அக்காவும் பார்த்தார்.

"எங்க ஒளிக்கிறது? மாவு டின்னுல எடம் இல்லியே."

அழுதுவிட்டேன். வேலை போய்விடும் அக்கா என்று உண்மையைச் சொன்னேன். அவர் பிஸ்கட் பெட்டியை மட்டும் எடுத்து வைத்துவிட்டு யோசித்தார்.

"சரி. நானும் எழுதணும். பக்கத்து வீட்டப் பத்தி. நான் சொல்லச் சொல்ல நீங்க அடிங்க. ஒரு எழுத்து மாத்தக்கூடாது. பேரையும் மாத்தக்கூடாது."

அடித்தேன். என் கையாலேயே.

"எங்க பக்கத்து வீட்டு டீச்சர் காலையில புருசன 'ஒங்களுக்கு மூள இருக்கா'ன்னு கேப்பாங்க. மூச்சு விடாம போனை எடுத்து 'அன்பு உறவுகளே, இனிய காலை வணக்கம்'னு தேனா பேசுவாங்க. பிள்ள ஒரு தடவ இருமுனா போன்ல பத்து வியாதி பாத்துட்டு ஓடி வருவாங்க. பால் போத்தல நாலு தடவ கழுவி அஞ்சாவது தடவ கீழ போடுவாங்க. யாரும் யாரையும் கொற சொல்லக்கூடாதுன்னு சட்டம் போட்டவங்க, நான் பிள்ளைக்குத் தொப்பி போடுறதுல தெனம் மூணு கொற சொல்லுவாங்க. ஊரே தன்னப் பாராட்டணும்னுதான் ஊரப் பாராட்டுறாங்க."

கடைசி வரியில் என் விரல் நின்றது.

"என்னா டீச்சர், எழுத்துக் கூட்டத் தெரியலியா?"

அதையும் அடித்துப் பதிந்தேன். குழு தொடங்கிய நாளிலிருந்து வராத பாராட்டு வந்தது. நானும் விதிப்படி "அருமை" போட்டேன். முதலில் கைதட்டியது என் கணவர். "அற்புதம்! நேரில் பார்த்ததுபோல இருக்கிறது" என்று எழுதியிருந்தார். ஒரே வீட்டில் இருக்கிறவர்.

திங்கட்கிழமை கதவு திறந்திருந்தது. என் மகள் திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே போனாள். இன்றைக்கும் நான் வீட்டில் குரலை உயர்த்தினால் கணவர் "அன்பு உறவுகளே" என்று ஆரம்பிக்கிறார். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து மல்லிகாக்கா "இனிய காலை வணக்கம்" என்று முடித்து வைக்கிறார்.

இத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். போன வாரம் அந்த ஆறாவது கட்டுரைக்காரரிடமிருந்து தனிச் செய்தி வந்தது. "டீச்சர், ஒங்களப் பத்தி எழுதுனாங்கன்னு எங்க போனாலும் அவங்களத்தான் எழுத்தாளர்ங்கிறாங்க. என்னோடதுக்கும் அத்தன கைதட்டு வந்துச்சே. அது நான் எழுதுனதுன்னு குழுவுல போடுங்க. இல்லாட்டி என் எழுத்த நீங்க களவெடுத்ததா நானே போடுவேன்."

போட்டால் அந்த வீடு இரண்டாகும். இத்தனை நாள் தெரிந்துகொண்டே மறைத்தேன் என்று மல்லிகாக்கா என்னையும் விடமாட்டார். போடாவிட்டால் நான் திருடி. மகளுக்கு இன்னும் இரண்டு வயதாகவில்லை. பள்ளிக்கூடத்தில் சேர்க்க மூன்று வருடம் இருக்கிறது. அதுவரை அந்தக் கதவு திறந்திருக்க வேண்டும். மூன்று நாளாகப் பதில் எழுதி எழுதி அழிக்கிறேன். வெள்ளிக்கிழமை வரை தவணை கொடுத்திருக்கிறார். வாசிக்கிறவர்கள் யாராவது ஒரு வழி சொல்லுங்கள். தயவுசெய்து பாராட்ட மட்டும் வேண்டாம்.