பதினைந்து எழுத்தும் ஒரு பரணும்

பரணைச் சுத்தம் செய்வதில்லை என்பது இரண்டு வருடமாக என் கொள்கை. அரசியல்வாதிகள்கூட இத்தனை நாள் ஒரே கொள்கையில் இருந்ததில்லை.

அச்சகத்தில் பிழை திருத்துவது என் தொழில். அதனால் நீளமான இங்கிலீஷ் வார்த்தை என்றால் எனக்கு ஒரு கிறுக்கு. ரெண்டு மூணு எழுத்தைச் சொல்லி, அவை வருகிற பெரிய வார்த்தையைக் கேட்டுவிட்டால் போதும். கண்டுபிடிக்கும்வரை சோறு இறங்காது. மருந்துக்கடையில் வேலை பார்க்கும் என் மனைவிக்கு இது நன்றாகத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை. அப்போதுதான் சோபாவில் சாய்ந்திருந்தேன்.

“ஏங்க, எக்ஸ், ஒய், இசட் மூணும் வர்ற வார்த்தை ஒண்ணு சொல்லுங்க. பதினஞ்சு எழுத்து.”

நிமிர்ந்து உட்கார்ந்தேன். “அப்படி ஒண்ணு கிடையவே கிடையாது.”

“இருக்கு. நம்ம வீட்டுலயே ஒரு லேபிள்ல பார்த்தேன். எதுலன்னுதான் ஞாபகமில்ல.”

“கண்டுபிடிச்சா?”

“பரண் பேச்சையே இனி எடுக்க மாட்டேன். சாயங்காலத்துக்குள்ள கண்டுபிடிக்கலன்னா, நீங்க பரணைச் சுத்தம் பண்ணணும். அகராதியத் தொடக்கூடாது.”

“சரி!”

சமையலறை டப்பாக்களைப் படித்தேன். குளியலறை பாட்டில்களைப் படித்தேன். பத்து மணிக்கெல்லாம் கீழே படிக்க ஒன்றும் மிச்சமில்லை. பரணுக்கு ஏணி ஏற்கெனவே சாத்தியிருந்தது. நல்ல சகுனம் என்று ஏறினேன்.

“தூசியில ஒரு எழுத்தும் தெரியலையே!”

“இந்தாங்க, ஈரத்துணி.”

ஒவ்வொன்றாகத் துடைத்துத் துடைத்துப் படித்தேன். எபாக்ஸி என்று ஒரு டப்பா. எக்ஸ் இருந்தது, ஒய் இருந்தது, இசட்டைக் காணோம். எழுத்தும் ஐந்துதான். படித்த தாளைப் படிக்காத தாளோடு கலக்கக்கூடாது என்பது எங்கள் தொழில் ஒழுக்கம். ஆகவே படித்ததையெல்லாம் கீழே இறக்கினேன்.

“மறுபடி அதையே படிச்சுடப் போறீங்க. உபயோகமில்லாததை வாசலுக்குக் கொண்டுபோயிடவா?”

“உனக்குக்கூட அச்சகத்துல வேலை கிடைக்கும்!” என்று மனதாரப் பாராட்டினேன்.

லேபிள் ஏதாவது கிழிந்து கீழே ஒட்டியிருக்குமோ என்று பரணின் தளத்தையும் தேய்த்தேன். மூலையையும் விடவில்லை. நாலு மணிக்கு இருமல் பிடித்துக்கொண்டது. இறங்கி வந்தேன். அவள் அக்கறையாக ஒரு ஸ்பூன் சிரப் கொடுத்தாள். தொழில் புத்தி, பாட்டிலைப் படித்தேன்.

ஹைட்ராக்ஸிபென்சோயேட் (hydroxybenzoate)!

விரல் விட்டு எண்ணினேன். சரியாகப் பதினைந்து. எக்ஸ், ஒய், இசட் மூன்றும் ஆஜர்.

“ஜெயிச்சுட்டேன்!” இருமலோடு குதித்தேன்.

“ஜெயிச்சுட்டீங்க. சொன்ன சொல் மாற மாட்டேன். பரணைச் சுத்தம் பண்ணுங்கன்னு இனி கேக்கவே மாட்டேன்.”

என் இரண்டு வருடப் போராட்டத்துக்கு வெற்றி! பெருமையோடு பரணை அண்ணாந்து பார்த்தேன். கண்ணாடிபோல் பளபளத்தது. கையிலிருந்த பாட்டிலைத் திருப்பிப் பார்த்தேன்.

“இந்த பாட்டில் எங்க இருந்துச்சு?”

“என் கைப்பையில. கைப்பையும் வீட்டுலதானே இருக்கு?”

வாசலில் சாமான் சேர்ந்தபோதே என் மனைவியிடம் பந்தயக் கதையைக் கேட்டுவைத்திருந்த எதிர்வீட்டு அம்மா, அந்த நேரம் பார்த்து உள்ளே வந்தாள். பரணைப் பார்த்தாள். தலையெல்லாம் ஒட்டடையோடு நின்ற என்னையும் பார்த்தாள். பிறகு என் மனைவியின் காதைக் கடித்தாள், எனக்குக் கேட்கிற மாதிரியே.

“அக்கா, எங்க வீட்டுக்காரர் கணக்கு வாத்தியார். அவருக்கு எந்த நம்பரைக் குடுத்தா ஏணில ஏறுவாரு?”