ரயில்வே கேட்டில் சிறுத்துப்போன மாமு பெயர்

நீடாமங்கலம்

அன்பும் கொஞ்சம் பயமுமாக நௌஷாத் மாமுவுக்கு, உங்கள் அக்கா மகள் ஆஷிகா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே அத்தா, அம்மா, நான் எல்லோரும் சுகம். ஷார்ஜாவில் தாங்கள் உடம்பும் மனமும் சுகமாக இருக்க துஆ செய்கிறோம். மனதுக்காகக் கொஞ்சம் கூடுதலாகவே செய்கிறோம். காரணம் தங்களுக்கே தெரியும்.

போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று நினைப்பீர்கள். தாங்கள் போன் செய்தால் சலாம் சொல்லிவிட்டு உடனே அம்மா கையில் கொடுத்துவிடுகிறவள் நான். வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொல்வார்களே என்ற பயத்தில் பத்தாவதோடு பள்ளிக்கூடத்தையே விட்டவள். எழுதுவதில் எனக்குக் கூச்சம் இல்லை. ஆகையால் பெரியம்மா மகள் ஜஸீலா லாத்தா கல்யாண பிளெக்ஸில் தங்கள் பெயர் ஏன் எறும்பு அளவில் வந்தது என்பதை இதில் விவரமாகச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கோபத்தில்தான் என்னைத் தஞ்சாவூர் டிசைன் வகுப்புக்கு அனுப்பக் கூடாது என்று குடும்ப குரூப்பில் வாய்ஸ் போட்டீர்கள். அத்தாவும் "மாமு சரின்னு சொன்னா போ" என்று நகர்ந்துகொண்டார்கள். ஆக, நான் படிப்பதும் படிக்காததும் இப்போது தங்கள் ஒரு வார்த்தையில் இருக்கிறது.

நான் வேலை செய்வது துரைக்கண்ணு அண்ணனின் பிளெக்ஸ் கடையில் என்பது தெரியும். அண்ணனுக்கு ஒரே முறைதான். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கட்டம் போடுவார், கட்டம் நிரம்பும்வரை எழுத்தைப் பிடித்து இழுப்பார். சின்னப் பெயரெல்லாம் வாய்க்காலில் படுத்த எருமை மாதிரி அகன்று போகும், நீளப் பெயர் நெருக்கியடித்து பஸ் படிக்கட்டில் தொங்கும். கேட்டால், பார்ட்டி முழு பிளெக்ஸுக்குச் சொல்லியிருக்காங்க, ஒரு விரல் இடம் சும்மா விட்டாலும் நம்மளைக் கேப்பாங்க என்பார். இப்படியே நானும் இழுத்துக்கொண்டிருந்தபோதுதான் தஞ்சாவூர் பிரகதீஸ்வரி மேடம் போனில் நடத்தும் இலவச வகுப்பில் சேர்ந்தேன். முதல் வீட்டுப்பாடமே, பஸ்ஸில் போய் எந்த எழுத்தைப் படிக்க முடிகிறது என்று பார்த்துவிட்டு வா என்பது. மன்னார்குடிக்குப் போய்த் திரும்பினேன் மாமு. வழியெல்லாம் பல்லும் மீசையும் கூலிங்கிளாஸும்தான் தெரிந்தன, ஒரு ஊர் பேர், ஒரு தேதி தெரியலை. மேடம் சொன்னாங்க, "வண்டியில போறவன் ஒரு மூச்சு விடுற நேரந்தான் பாப்பான். அதுக்குள்ள அவனுக்கு எது தெரியணுமோ அதை மட்டும் பெருசாக்கு. மத்ததெல்லாம் அடங்கி இருக்கட்டும்." எழுத்தை இழுக்காதே, அதைச் சுற்றிக் காலி இடம் விடு, அதுதான் எழுத்துக்குக் காற்று என்றும் சொன்னாங்க. எனக்கு அன்றைக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

அந்த நேரம் பார்த்துத்தான் லாத்தா கல்யாணத்துக்குப் பேசிய மஹாலில் மழைத் தண்ணி ஏறி, அவசரமாக மன்னார்குடி ரோட்டு மஹாலுக்கு மாற்றினார்கள். பத்திரிகையெல்லாம் பழைய மஹால் பேரோடு ஊர் ஊராகப் போய்விட்டது. ரயில்வே கேட்டுப் பக்கத்தில் ஒரு பிளெக்ஸ் கட்டினால்தான் வருகிறவர்களுக்குத் தெரியும். அண்ணனுக்குக் காய்ச்சல், நீயே செய் என்றார். செய்தேன். ரொம்பத் தடித்த எழுத்துப் போட்டால் "ஹ" வயிறு அடைத்துக்கொண்டு தூரத்தில் வெறும் கறுப்பு உருண்டையாகத் தெரிகிறது என்று, ஒரு துண்டு அச்சடித்துக் கடைச் சுவரில் ஒட்டி, ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்து, நடுத்தரத் தடிமனாக மாற்றினேன். "நிக்காஹ் மஹால் மாறியுள்ளது" என்று மேலே, புது மஹால் பேர் அதைவிடப் பெரிதாக, கீழே ஓர் அம்புக்குறி. சுற்றி நிறையக் காற்று. அழைப்பவர்கள் பேரெல்லாம் அடியில் ஒரே அளவில், வரி சமமாக நிற்கும்படி. வரி சமமாக நிற்பதற்காக "ஷார்ஜா நௌஷாத்" கடைசி வரிக்குப் போய், "மற்றும் உற்றார் உறவினர்" பக்கத்தில் ஒண்டிக்கொண்டது. கூலிங்கிளாஸ் போட்ட தங்கள் படத்தையும் காற்றுக்காகத்தான் எடுத்துவிட்டேன்.

ஆனால் நான் ஒன்றை மறந்துட்டேன் மாமு. மேடம் சொன்ன ஒரு மூச்சுக் கணக்கு மற்ற ஊருக்கு. நம்ம ஊர் கேட்டு சாத்தினால் திறக்கிறதுக்குள்ள ஒரு தூக்கம் போட்டு எழுந்திடலாம். வண்டியை நிறுத்திட்டு இறங்கி, டீ குடிச்சுக்கிட்டு, ஒவ்வொரு பேரா விரல் வச்சு எண்ணிப் படிக்கிறாங்க. காற்று விட்ட இடத்தைப் பார்த்துட்டு மெஷின்ல மை தீந்துடுச்சு போலன்னு ஒருத்தர் கடைக்கே வந்து சொன்னார். லாத்தாவோட அத்தாவுக்குத் தம்பி மீரா உசேன் சின்னத்தா, கல்யாணத்தன்னைக்கு வெளியூர்லேர்ந்து வந்தவங்க, கேட்டுல காரை நிறுத்தி, தன் பேர் முதல் வரியில இருக்கிறதைப் பார்த்துட்டு, தங்கள் பேரைத் தேடிக் கண்டுபிடிச்சு, போட்டோ எடுத்து, கேட்டுத் திறக்குறதுக்கு முன்னாடியே ஷார்ஜாவுக்கு அனுப்பிட்டாங்க. இவ்வளவு காலி இடம் இருந்தும் தாய்மாமனுக்கு இடமில்லையான்னு கீழே எழுதினதும் அவங்கதான். தங்கள் மேல அவங்களுக்கு அவ்வளவு பிரியம்னு எனக்கு அன்னைக்குத்தான் தெரியும்.

அதுக்கப்புறம் நடந்ததை யாரும் தங்களுக்குச் சொல்லலை, நான் சொல்றேன். நாகூர்க்காரங்க, வேளாங்கண்ணிப் பக்கத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டு வேன், பிரியாணி தேக்சா ஏத்தின வண்டி, ஒண்ணு விடாம நேரா புது மஹாலுக்கு வந்துடுச்சு. ஒருத்தரும் போன் பண்ணி வழி கேக்கலை. வராதது சின்னத்தா கார் மட்டுந்தான். அவங்க காருலதான் நிக்காஹ் ஓதி வைக்கிற ஹஜ்ரத்தும் இருந்தாங்க. கேட்டுல நின்னு அத்தனை பேரையும் படிச்ச சின்னத்தா, மேலே இருந்த பெரிய எழுத்தைப் படிக்காம பழைய மஹாலுக்குப் போய், முழங்கால் தண்ணியில ஹஜ்ரத்தோட நின்னுக்கிட்டு, கல்யாணத்தை எங்க வச்சிருக்கீங்கன்னு போன் பண்ணினாங்க. பெருசா எழுதியிருந்துச்சேன்னு அம்மா கேட்டதுக்கு, "பெரிய எழுத்த எவன் படிப்பான்? அது ஏதோ நகைக்கடை விளம்பரம்னு நெனச்சேன்"னாங்க. ஹஜ்ரத் வந்து சேர்ற வரைக்கும் மாப்பிள்ளை மாலையோட உக்காந்தே இருந்தார்.

மாமு, தங்கள் பெயர் சிறுத்தது தப்புதான். கேட்டில் நின்று படிக்கிறவர்களுக்கு அடியில் இருக்கும் பெயரையும் மரியாதையாக அமைக்கத் தெரிந்திருக்க வேண்டும், அது எனக்கு இன்னும் வரவில்லை. அதைக் கற்றுக்கொள்ளத்தான் தஞ்சாவூர் போகக் கேட்கிறேன். ஆனால் அந்தப் பெரிய எழுத்துக்காக மட்டும் என்னால் வருத்தப்பட முடியவில்லை. வகுப்பில் நாலு வரி வாசிக்கப் பயந்து பள்ளிக்கூடத்தை விட்ட நான் எழுதினதை ஒரு கல்யாணக் கூட்டமே படித்து, சொன்ன பக்கம் திரும்பியது. டீக்கடைப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு வண்டியும் திரும்பும்போது எனக்குத் தலை தானாக நிமிர்ந்தது. மேடம் அந்த பிளெக்ஸ் படத்தை வகுப்பில் காட்டி, நேரில் வந்து முழுப் படிப்பும் படி என்று இடம் கொடுத்திருக்கிறார்கள். தாங்கள் சரி என்று சொல்லும்வரை நான் வாசலைத் தாண்டமாட்டேன். தங்கள் பதிலுக்காகக் காத்திருக்கிறேன்.

மாமிக்கும் பிள்ளைகளுக்கும் என் சலாம். அல்லாஹ் தங்களுக்கு நீண்ட ஆயுளையும் விசாலமான மனதையும் தருவானாக.

தங்கள் மருமகள்,
ஆஷிகா

பி.கு.: இதைத் தஞ்சாவூர் தபாலாபீஸில்தான் போடுகிறேன். முதல் வகுப்பு முடிந்துவிட்டது. காலையில் நான் வாசலில் தயங்கி நின்றபோது அம்மா சொன்னாங்க, "லெட்டர் ஷார்ஜா போய்ச் சேர்றதுக்குள்ள அவன் கோபம் ஆறிடும். என் தம்பிய எனக்குத் தெரியாதா? ரயில் வந்துடும், கெளம்பு."